போட்டு வாறன்

அந்தப் புள்ளி அங்கே இருந்திருக்கக் கூடாது.

பச்சை எழுத்துத் திரையில், தவமணி என்ற பெயருக்கு நேரே, வரியின் கடைசியில், ஈ வந்து உட்கார்ந்தது போல ஒரு புள்ளி. நாகநாதன் ஈ என்றே நினைத்துச் சுண்டுவிரலால் தட்டிப் பார்த்தான். ஈயாக இருந்தால் பறந்திருக்கும். அதுவும் போக, அந்த அறையின் ஏர்கோன் குளிரில் ஈ உட்காராது. பினாங்கு வெயிலில் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிற மனிதன் அவன் ஒருவன்தான் என்று பீச் ஸ்ட்ரீட் முழுக்கப் பேச்சு. அந்த அறைக்குள் தவறி நுழைந்த கரப்பான்பூச்சி ஒன்று தும்மியதாகவும் சொல்வார்கள். தும்மலைக் கேட்டவர்கள் உண்டு.

ஆபீசின் அந்த யூனிக்ஸ் கம்ப்யூட்டர் மெஷினிடம் 'யார்' என்பதற்கான ஆங்கிலச் சொல்லைத் தட்டிக் கேட்டால், இந்த நேரத்தில் யார் உள்ளே இருக்கிறார்கள், எந்த மேசையில் இருக்கிறார்கள் என்று வரிசையாகச் சொல்லும். அதோடு விடாது. அந்த ஆள் எவ்வளவு நேரமாகச் சும்மா இருக்கிறார் என்று கோளும் மூட்டும். பத்து நிமிடம் கை வைக்காவிட்டால் பத்து என்று காட்டும். ஒரு நாளுக்கு மேல் தொடாவிட்டால் 'பழசு' என்று காட்டும். விரல் இந்த நிமிடமே கீபோர்டில் இருந்தால் புள்ளி.

தவமணியின் பெயருக்கு நேரே மூன்று வாரத்துக்கு மேலாகப் 'பழசு' என்றுதான் இருந்தது.

தவமணி நாகநாதனின் மனைவி. அதே கப்பல் ஏஜென்ட் ஆபீசில், படியேறி வந்ததும் முதலில் தெரிகிற ஒன்பதாம் மேசையில், சரக்குக் கணக்குத் தட்டுகிற வேலை. மார்கழி கடைசியில் ஒரு மத்தியானம், பாதி தட்டிய ஃபாரத்தைத் திரையில் அப்படியே விட்டுவிட்டு, மூன்றடுக்கு எனாமல் சட்டியை எடுத்துக்கொண்டு நாசி கண்டார் குழம்புச் சோறு வாங்கப் போனாள். அக்கரைப் பிறையிலிருந்து ஃபெரிக் கப்பலில் வந்திறங்கிய லாரி ஒன்று ரிவர்ஸ் எடுத்தது. அவ்வளவுதான்.

அவள் வெளியே போனாளே தவிர, மெஷினை விட்டு வெளியேறவில்லை. மெஷினைப் பொறுத்தவரை அவள் உள்ளேதான் இருந்தாள். ஆபீசில் யாரும் அந்த மேசையைத் தொடவில்லை. ஒரு வரி தட்டி அவளை வெளியேற்றக்கூடிய ஆள் நாகநாதன் ஒருவன்தான். அவன் தட்டவில்லை. மெஷினை நிறுத்தி எழுப்பவேண்டிய வேலைகளை எல்லாம் இந்தச் சாக்கு அந்தச் சாக்கு என்று தள்ளிப்போட்டான். காலையில் வந்ததும் 'யார்' என்று கேட்பான். 'தவமணி, ஒன்பது, பழசு' என்று சொல்லும். பிறகு வேலையைப் பார்ப்பான். அழுகை வரவில்லை. பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு கன்னம் இருக்குமே, உடம்பு முழுக்க அப்படி இருந்தது.

அன்றைக்குத் தைப்பூசம். ஊரே தண்ணீர்மலை முருகன் கோயிலில் இருந்தது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடியாத துடக்கு வீட்டுக்காரன் மலை ஏறக் கூடாது. ஆகவே, லீவு நாளில் ஆபீசுக்கு வந்து மெஷினுக்குப் பேட்ச் போடத் தோதான ஒரே ஆள் அவன்தான் என்று எல்லாரும் ஒருமனதாக முடிவு செய்திருந்தார்கள்.

பேட்ச் என்றால் ஒட்டு. கைலி கிழிந்தால் போடுகிறோமே, அதேதான். சிங்கப்பூரிலிருந்து டேப்பில் இரண்டு ஒட்டு வந்திருந்தது. ஒன்று நம்பகத்துக்கு. பிறைக் கிடங்குக்கு அனுப்புகிற செய்திகள் பாதி வழியில் கடலில் விழுந்தது போலத் தொலைந்துகொண்டிருந்தன. இந்த ஒட்டைப் போட்டுவிட்டால் எந்தச் செய்தியும் தொலையாது, பதில் கிடைக்கும் வரை திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருக்கும். மற்றது பாதுகாப்புக்கு. எவனோ ஒருவன் டெலிபோன் லைன் வழியாக மோடத்தைத் தட்டி உள்ளே புகுந்து விளையாடிக்கொண்டிருந்தான். இதைப் போட்டால் வெளியிலிருந்து ஒருவரும் வர முடியாது.

முதல் ஒட்டைக் காலையிலேயே போட்டு முடித்துவிட்டான். முடித்த கையோடு, பழக்க தோஷத்தில், கன்சோலில், அதாவது அவன் அறைத் திரையில், 'யார்' என்று கேட்டான்.

நாகநாதன், கன்சோல், புள்ளி. தவமணி, ஒன்பது, புள்ளி.

எலியாக இருக்கும் என்று எழுந்து கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு ஹாலுக்குப் போனான். நீளமான பழைய கட்டடம் அது. தெருப்பக்கத்து மரச் சன்னல்களை அடைத்திருந்ததால் பட்டப்பகலிலும் உள்ளே தண்ணீருக்கடியில் இருப்பது போன்ற மங்கல். சட்டங்களின் இடுக்கு வழியாக வெயில் கோடுகோடாகத் தரையில் விழுந்து கிடந்தது. பழைய காகிதமும் ரப்பர் ஸ்டாம்பு மையும் கடல் உப்பும் கலந்த வாடை. எங்கோ தூரத்தில் உறுமி மேளம் கேட்பதும் நிற்பதுமாக. ஒன்றிலிருந்து ஒன்பது வரை மேசைகள் ஒரே வரிசையில், கண்ணாடி அறையிலிருந்து படிக்கட்டு வரை. கடைசி மேசையில் அவள் ஸ்வெட்டர் நாற்காலி முதுகில் தொங்கியது. திரையில் பாதி ஃபாரம். கர்சர் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. எலி இல்லை, எலிப்புழுக்கை இல்லை.

மூன்று வாரத் தூசி மேசை மேல் மெல்லிய துணி போலப் படிந்திருந்தது. கீபோர்டில் மட்டும் தூசி இல்லை.

அதைப் பார்த்தான். பார்த்ததை மண்டைக்குள் எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அறைக்குத் திரும்பி, மோடம் திருடன் வேலைதான் இது என்று தீர்மானித்து, மோடத்தின் வயரை மட்டும் சுவரிலிருந்து பிடுங்கிப் போட்டான். மோடம் திருடன் வந்து தூசி துடைப்பானா என்று அவன் யோசிக்கவில்லை. யோசிக்காமல் இருப்பதில் அந்த மூன்று வாரத்தில் அவன் நல்ல தேர்ச்சி பெற்றிருந்தான்.

கதவு தட்டும் சத்தம். ஷேக் அலாவுதீன், கீழ்வாசல் காவல்காரர், கயிறு கட்டிய பிளாஸ்டிக் பையில் கோப்பியோடு வந்து நின்றார்.

"என்னாண்ணே, உள்ள பொணவறை மாதிரி குளுருது" என்று ஆரம்பித்தவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். "வாயில சனி-லா எனக்கு. மன்னிச்சுக்குங்க."

"பரவாயில்ல."

"கோப்பி ஓ. குடிங்க."

நாகநாதன் உறிஞ்சினான். அலாவுதீன் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சீனி எப்படி?"

"சரியா இருக்கு."

"சீனியே போடலண்ணே. நேத்தும் போடல, முந்தாநேத்தும் போடல, நீங்க ஒண்ணும் சொல்லல. என்னைக்காச்சும் ஒரு நாள் என்னை ஏசுவீங்கன்னு பாத்துக்கிட்டே இருக்கேன்." அவர் சிரிக்க முயன்றார். "ஒரு தடவ ஏசுங்கண்ணே. மனசுக்கு நல்லாருக்கும்."

"நாளைக்கு ஏசுறன்."

"நம்பி இருக்கேன்" என்று சொல்லிவிட்டு அவர் திரும்பினார். பாதி ஹாலில் நின்றார். "அண்ணே, அக்கா நாக்காலிய நீங்க இழுத்துப் போட்டீங்களா?"

"இல்ல."

"வெளிய தள்ளி இருக்கு. எந்திரிச்சுப் போன மாதிரி." படிப்பக்கம் திரும்பினார். "சரி, நான் கீழ இருக்கேன். வேணும்னா இன்டர்காம்ல கூப்புடுங்க."

அவர் போன பிறகு ஆபீஸ் டெலிபோன் அடித்தது. மேனேஜர் கதிர்காமநாதன். செங்கல் பருமனுள்ள புது ஹேண்ட்போன் வாங்கியிருந்தார். அதில் பேசுவதற்காகவே ஆபீசுக்கு வெளியே போகிறவர்.

"தம்பி நாகநாதன், கேக்குதோ? நான் தண்ணீர்மலை அடிவாரத்தில, பந்தல்ல நிக்கிறன். மோர் குடுக்கிறம். முடிஞ்சுதோ வேலை?"

"ஒண்டு போட்டாச்சு. மற்றது... உள்ளுக்கு ஆள் இருந்தா போட மாட்டன் எண்டு சொல்லுது."

"ஆர் உள்ளுக்கு? இண்டைக்கு லீவெல்லோ!"

நாகநாதன் திரையிலிருந்த அந்தப் பெயரைப் பார்த்தான். அந்தப் பக்கம் உறுமி மட்டும் கேட்டது. பிறகு கதிர்காமநாதன் பேசினார், குரலைத் தாழ்த்தி.

"அந்தப் பிள்ளையின்ரயோ?"

"ஓம்."

"மூடு, ராசா. நாளைக்கு விடிய ரெண்டு கப்பல் வருது. நீ மூடாட்டி கோலாலம்பூரிலயிருந்து ஒருத்தன் வந்து மூடுவான். அவனுக்கு அவள் ஆரெண்டு தெரியாது. சும்மா ஒரு பேர் எண்டு அழிச்சுப்போட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போவான். நீ மூடுறது நல்லது."

அவர் சொன்னது சரி. சரி என்று தெரிந்ததால்தான் அது அவன் மேல் கல் மாதிரி விழுந்தது. அவளிடம் மிச்சம் இருந்தது அந்த ஒரு வரிதான். அதை அழித்துவிட்டால், யார் என்று கேட்டால் அவன் பேரை மட்டும் சொல்லும்.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். மெஷினை விட்டு வெளியேறும்போது முன்பெல்லாம் அது மூஞ்சியில் அடித்த மாதிரி ஒரு சொல்லோடு துரத்திவிடும். தவமணிக்கு அது பிடிக்கவில்லை. "இது என்ன பழக்கம்? வீட்டை விட்டுப் போறவை சொல்லாமலோ போறது?" என்று கேட்டாள். அதனால் நாகநாதன், யார் வெளியேறினாலும் கன்சோல் திரையில் அவர் பெயரும் 'போயிட்டு வரேன்' என்ற வார்த்தையும் ஆங்கில எழுத்தில் வரும்படி செய்து வைத்தான். ஆபீஸ் முழுக்க அது ஒரு விளையாட்டானது. சீனப் பெண்கள்கூட 'பொய்த்து வாரென்-லா' என்று கையாட்டிவிட்டுப் போவார்கள். தவமணிக்கு மட்டும் ஒரு குறை. "எங்கட ஆக்கள் சொல்லுற மாதிரி 'போட்டு வாறன்' எண்டு போடுங்கோவன்" என்றாள். மற்றவைக்கு விளங்காது என்று அவன் மறுத்துவிட்டான். கலியாணம் முடிந்து இத்தனை வருடத்தில் அவன் ஜெயித்த ஒரே வழக்கு அது.

கலியாணமான புதிதில், வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டு அவள் "போட்டு வாறன்" என்று சொன்னபோது, அவன் பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல் "சரி, போ" என்றான். கேட் வரை போனவள் திரும்பி வந்து அவன் பேப்பரைப் பறித்தாள். "'போ' எண்டு ஒருக்காலும் சொல்லாதேங்கோ. அது செத்த ஆக்களுக்கு. 'போட்டு வா' எண்டு சொல்லுங்கோ." அதற்குப் பிறகு அவன் ஒரு நாளும் தவறியதில்லை. அவள் சொல்வாள்; அவன் வாய் தானாகச் சொல்லும்.

அந்த மார்கழி மத்தியானம் மட்டும் அவன் மெஷினுக்கு அடியில் படுத்து வயர் மாட்டிக்கொண்டிருந்தான். படிக்கட்டுப் பக்கம் அவள் குரல் கேட்டது. வாயில் ஸ்க்ரூ இருந்தது. அவன் பதில் சொல்லவில்லை.

நாகநாதன் கம்பளிச் சட்டையின் கைகளை மேலே தள்ளிவிட்டு, அவளை வெளியேற்றும் வரியைத் தட்டினான். என்டர் கீயின் மேல் விரல் நின்றது. இந்த மாதிரி அவன் தயங்கும்போதெல்லாம் தவமணி பின்னால் வந்து நின்று, "ஒரு பொத்தானைத் தட்ட உவ்வளவு யோசனையோ?" என்று தோளுக்கு மேலாகக் கையை நீட்டித் தட்டிவிட்டுப் போவாள். இப்போது அவனே தட்டவேண்டியிருந்தது. தட்டினான்.

திரையில் அவள் பெயர் வந்தது. பக்கத்தில் வார்த்தையும் வந்தது.

போட்டு வாறன்.

எழுத்துக் கூட்டி இன்னொரு முறை படித்தான். போயிட்டு வரேன் இல்லை. போட்டு வாறன். அவன் மூளை அந்த வித்தியாசத்தைப் பிடித்து நிறுத்துவதற்குள், வாய் முந்திக்கொண்டது.

"சரி, போட்டு வா."

காலியான அறைக்குள் அவன் குரல் அவனுக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. திரையில் அந்த வரிக்குக் கீழே இன்னொரு வரி வந்து நின்றது: பதில் கிடைத்தது.

மெஷினுக்குக் காது கிடையாது. இருந்தால் இத்தனை வருடத்தில் அவன் அதை ஏசிய ஏச்சுக்கு அது எப்போதோ தீப்பிடித்திருக்கும். வார்த்தையை எழுதிவைத்த இடத்தைத் திறந்து பார்த்தான். அவன் எழுதியது அப்படியே இருந்தது: போயிட்டு வரேன். மூடினான். 'யார்' என்று கேட்டான். நாகநாதன் மட்டும். பாதுகாப்பு ஒட்டு இப்போது மறுபேச்சில்லாமல், மத்தியானம் முழுக்க நேரம் எடுத்து, ஏறியது. எல்லா வாசலும் அடைபட்டது, வெளியிலிருந்து இனி யாரும் வர முடியாது என்று அறிவித்தது. முடிந்தது வேலை. அவன் நாற்காலியில் சாய்ந்தான். அப்போதும் அழுகை வரவில்லை.

ஏர்கோன் உறுமியது. டேப் சுற்றி முடிந்து 'டக்' என்று நின்றது. தெருவில் ஒரு திரிஷா சைக்கிள் வண்டிக்காரன் மணி அடித்துக்கொண்டு போனான். அது தேய்ந்த பிறகு கட்டடம் முழுக்க அமைதி இறங்கியது, ஈரத்துணியைத் தலைமேல் போட்டது போல. அந்த அமைதியில், ஹாலின் கடைசியில், கீபோர்டில் ஒரு கீ விழுந்தது. பிறகு இன்னொன்று. தவமணி இரண்டு விரலால்தான் தட்டுவாள். கோழி கொத்துவது போல.

'யார்?'

தவமணி, ஒன்பது, புள்ளி.

வெளியிலிருந்து யாரும் வர முடியாது. அதை மெஷினே சொல்லியிருந்தது. அப்படியானால்.

அவளை மறுபடி வெளியேற்றினான். போட்டு வாறன் என்று வந்தது. இந்த முறை பல்லைக் கடித்துக்கொண்டான். வார்த்தை தொண்டை வரை வந்து நாக்கில் முட்டியது, விழுங்கினான். பதில் இல்லை.

பதில் இல்லாத செய்தியைத் தொலையவிடக் கூடாது என்பதற்காகத்தானே காலையில் ஒட்டுப் போட்டது.

போட்டு வாறன்.

எட்டாம் மேசையில் நாற்காலி இழுபட்டது.

போட்டு வாறன்.

ஏழாம் மேசையில்.

அவன் இன்டர்காமை அழுத்தினான். விரல் அழுத்துவது தெரிந்தது, அழுத்துகிற உணர்வு இல்லை.

"அலாவுதீன்."

"சொல்லுங்கண்ணே. நானே கூப்புடணும்னு இருந்தேன். நாசி கண்டார் வாங்கியாந்தீங்களா?"

"இல்ல. ஏன்?"

"படி பூரா கொழம்பு சிந்திக் கெடக்குது. கீழ வாசல்லேருந்து மேல வரைக்கும் சொட்டுச் சொட்டா. யாரோ ஓட்டச் சட்டியில தூக்கிட்டுப் போன மாதிரி. நாந்தான் கூட்டணும்-லா இதெல்லாம்."

"ஆர் மேல வந்தது?"

"யாரும் வரலண்ணே. வாசல்லயே குந்திக்கிட்டு இருக்கேன். ஒரு பூனகூட வரல."

"நீங்க மேல வாங்க."

"இந்தா வந்துட்டேன்."

இன்டர்காமை அவர் வைக்கவில்லை. செருப்புச் சத்தம் படியில் ஏறுவது கேட்டது. கதவுக் குமிழ் ஆடியது. ஹாலின் அந்தக் கோடியில் நிஜமாகவும், இன்டர்காமில் எதிரொலியாகவும். ஆடியது. ஆடியது. செருப்பு இறங்கி வந்தது.

"உள்ள தாப்பா போட்டிருக்கீங்களா? தொறக்க மாட்டேங்குது."

"நான் போடல."

"அப்ப யாரு..." என்றார் அலாவுதீன். அவர் மூச்சு இன்டர்காமில் நெருங்கி வந்தது. "அண்ணே. உள்ள யாரு கூட பேசிக்கிட்டு இருக்கீங்க?"

இன்டர்காம் அறுந்தது.

அறைக்கு ஒரே கதவு. அது ஹாலுக்குப் போகிறது. ஹாலுக்கு ஒரே கதவு. அது படிக்குப் போகிறது. இரண்டுக்கும் நடுவில் மேசைகள். எழுந்து ஓடலாம் என்று ஒரு யோசனை வந்தது, யாரோ பக்கத்து வீட்டுக்காரருக்கு வந்த யோசனை மாதிரி. கால் அசையவில்லை. பயம் இருந்தது. அது எங்கேயோ தள்ளி நின்று இவனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

போட்டு வாறன்.

ஆறு. சன்னல் இடுக்கு வெளிச்சக் கோடுகள் மஞ்சளாகிச் சிவந்துகொண்டிருந்தன. பின்னால் கண்ணாடியில், குளிர் பட்டு ஹால் பக்கம் பனித்துப் போயிருந்த கண்ணாடியில், வெளிச்சம் ஒரு முறை மறைந்து திரும்பியது.

போட்டு வாறன்.

ஐந்து. வாசனை வந்தது. மீன்முட்டைக் குழம்பும் கோழிச் சாறும் வெண்டைக்காயும் ஒன்றாக ஊற்றிய வாசனை. பஞ்சிர் என்று கேட்டு வாங்குவாள், சோறு குழம்பு வெள்ளத்தில் மிதக்க வேண்டும். அந்த வாசனைக்கு அடியில் இன்னொன்று. சூடான தார். ரப்பர்.

நாகநாதனுக்கு அப்போது தெளிவாகப் புரிந்தது. 'போட்டு வா' என்று சொன்னால் அவள் வருவாள். ஒன்றும் சொல்லாவிட்டால் சொல்லும் வரை வந்துகொண்டே இருப்பாள். அவளை நிறுத்த ஒரே ஒரு பதில்தான் இருந்தது. ஒற்றை எழுத்து. சுடுகாட்டில் சொல்லியிருக்க வேண்டியது. அங்கே ஐயர் சொன்னதை எல்லாம் செய்தான்; திரும்பிப் பார்க்காமல் நடந்தான்; அதை மட்டும் மனசுக்குள்கூடச் சொல்லவில்லை.

நான்கு.

வாயைத் திறந்தான். "போ..." என்று தொடங்கியது. தொடங்கிய வேகத்தில் நாக்கு மிச்சத்தையும் உருட்டிக்கொண்டு வரப் பார்த்தது. இரண்டு கையாலும் வாயைப் பொத்தினான். இத்தனை வருடம் பழக்கிய நாக்கு. 'போ'வோடு நிற்கத் தெரியாத நாக்கு.

மூன்று.

கை நிற்கும். கையால் சொல்லலாம். கன்சோலில் தட்டி அனுப்பினால் அதுவும் பதில்தானே.

இரண்டு. நாற்காலி இழுபடவில்லை. எனாமல் சட்டியை மேசைமேல் வைக்கும் சத்தம். நசுங்கிய சட்டி. சமமாக நிற்காமல் ஆடி, ஆடி, அடங்கியது.

ஒன்று.

கண்ணாடிக் கதவு திறந்தது. குளிர் வெளியே போயிற்று. வெக்கை உள்ளே வந்தது.

அவன் திரும்பவில்லை.

திரையில் கேட்காமலே பட்டியல் வந்தது. ஒரே ஒரு வரி. தவமணி, கன்சோல், புள்ளி. நாகநாதனின் பெயர் இல்லை. கீழே அவள் வார்த்தை. அதன் கீழே கர்சர், பதிலுக்காக.

முதல் ஆங்கில எழுத்தைத் தட்டினான். இரண்டாம் எழுத்தைத் தட்டினான்.

போ.

அவ்வளவுதான். இனி என்டர். விரலைக் கொண்டுபோனான். மூன்று வாரத்தில் முதல் தடவையாக நெஞ்சுக்குள் ஏதோ வலித்தது. நல்ல வலி. உயிருள்ளவனுக்கு வருகிற வலி. கண்ணில் தண்ணீர் வந்தது, திரை கலங்கியது. விரல் கீயின் மேல் நின்றது. நின்றது. போ என்று சொன்னால் போய்விடுவாள்.

பின்னாலிருந்து, தோளுக்கு மேலாக, கை வந்தது.

கல்யாண மோதிரம் இருந்தது. மணிக்கட்டிலிருந்து விரல் முட்டிவரை, லாரிச் சக்கரத்தின் வரிகள் அச்சுக் குத்தியது போலப் பதிந்திருந்தன. விரல்கள் தட்டையாக இருந்தன. நுனியிலிருந்து சாறு சொட்டியது.

அந்தக் கை என்டரைத் தட்டவில்லை. அவன் விரலை மெல்ல ஒதுக்கியது. இரண்டு விரலால், கோழி கொத்துவது போல, அவன் நிறுத்திய இடத்திலிருந்து தட்டியது. நிதானமாக. ஒரு எழுத்துக்கூடப் பிழை இல்லாமல்.

ட்டு வா.

பிறகு என்டர்.

பிறகு அந்தக் கை திரும்பிப் போகவில்லை. அவன் கைமேல் படிந்து, வெயிலில் கிடந்த தார் போன்ற சூட்டோடு, அங்கேயே இருந்தது. மற்றக் கையும் வந்தது.